இளவரசி சரியாகத்தான் எண்ணினாள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு போல்ட் கம்பெனி. அதன் பேக்கிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. பெட்டிக்கு நூறு போல்ட் கையால் எண்ணிப் போட வேண்டும். எழுபதுகளின் நடுவில், பெட்டிக்கு ஒன்று குறைகிறது என்று கஸ்டமர் எழுதிவிட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. மூன்றாவது வந்தால் கேட்டுக்கு வெளியே. ஆரணியில் என் சம்பளத்தை நம்பி நாலு வயிறு இருந்தது.

குறைகிற போல்ட் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நான் எண்ணி வைத்த பெட்டியிலிருந்து சூப்பர்வைசர் தணிகாசலம் ஒன்றை எடுத்து கேஜ் வைத்து அளவு பார்ப்பார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சொல்லியும் பார்த்தேன்.

“அது சாம்பிள்மா. கணக்குல வராது. நீ ஒயுங்கா எண்ணு” என்றார்.

அந்த ஆயுத பூஜைக்கு நாடகம் போட்டோம். எழுதியது தணிகாசலம், ராஜாவும் அவரே. டர்னர் ஏழுமலை புலவன். இளவரசியாக மெட்ராஸிலிருந்து வரவேண்டிய நடிகைக்குக் காய்ச்சல். ஒத்திகையில் வசனம் எடுத்துக்கொடுத்தவள் நான் என்பதால் என் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டார்கள்.

பழைய கதைதான். காதல் கலக்காமல் நூறு பக்திப் பாட்டு பாடினால் பெண், தவறினால் தலை. இளவரசி திரைக்குப் பின்னால் பாட்டுக்கு ஒரு பூவாக எண்ணுகிறாள். நூறு பூ ஆனதும் ஆசையோடு எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்ட புலவன் காதல் பாட்டு பாடிவிடுகிறான். முதலில் பாடியது கடவுள் வாழ்த்து, அது கணக்கில் வராது, ஆனது தொண்ணூற்றொன்பதுதான் என்கிறார் ராஜா.

மேடையில் ஏழுமலை கழுத்தை நீட்டினான். “பேதை மகளே, உன் எண்ணிக்கை தவறியதால் இவன் சாகிறான்” என்று தணிகாசலம் முழங்கினார். “ஐயோ, என் பிழையே” என்று நான் விழுந்து அழவேண்டும்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“நூறு பாட்டு, நூறு பூ. நான் எண்ணினது கரீட்டு. எண்ணி முடிச்சப்புறம் ஒண்ண எட்த்துக்கினு போனது நீங்க. பழி மட்டும் எனக்கா, சார்?”

ராஜாவை சார் என்றதும் பேக்கிங் பெண்கள் விசிலே அடித்துவிட்டார்கள். முன்வரிசையில் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஏழுமலை குனிந்தபடியே, “இன்னாக்கா, நான் சாவணுமா வேணாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். திரை விழுந்தது.

அடுத்த வேலைநாள் மேனேஜர் என் மேஜையருகில் வந்து ஒரு மணி நேரம் நின்றார். பிறகு தணிகாசலத்தின் சட்டைப்பையைக் காட்டச் சொன்னார். ஆறு போல்ட். என் இரண்டு மெமோவும் ரத்தாயின. போல்ட்டை எண்ணுவதற்கு முன்பே சாம்பிள் எடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

ஏழுமலைக்குத்தான் நெடுநாள் கோபம் தீரவில்லை. “ஒரு மாசமா சாவறதுக்குப் பழகினேன். எல்லாத்தையும் கெட்த்துட்டியே” என்பான்.

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எண்ணி முடித்த பெட்டியில் யார் கை வைத்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இளவரசிக்கு இதைச் சொல்ல ஆளில்லை.