அந்தப் புள்ள என்ன ஆனா?

அந்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண், குடை விரித்த மாதிரி நீல கவுன் போட்டுக்கொண்டு, அடுக்குமாடி வீட்டின் இரும்புப் படியில் உட்கார்ந்திருப்பாள். சிங்கப்பூரில் ஹோட்டல் வேலை பார்த்த மாமா, அறையில் யாரோ விட்டுப்போனதை எடுத்துவைத்து, தைலத்தோடும் சாக்லேட்டோடும் கொண்டுவந்தது. மாமா என்றால் என் பெரியம்மாவின் தம்பி. பெரியம்மாவின் மகளான அக்காவைக் கட்டப்போகிறவர் என்று ஆலங்குடியில் எல்லோருக்கும் தெரியும். "இங்கிலீஷ் படிக்கிற புள்ளைக்கு" என்று அக்காவிடம் நீட்டிவிட்டு, வெட்கத்தோடு விமானம் ஏறிவிட்டார்.

அக்கா அப்போது பிளஸ் டூ, நான் ஒன்பதாவது. சாயங்காலம் கடலை உடைக்கும்போது அக்கா வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வாள். பெரியம்மாவும் நானும் கேட்போம். மெக்சிகோவிலிருந்து அமெரிக்க நகரத்துக்குப் பிழைக்கப்போன குடும்பம். நெருக்கடியான தெரு, முக்கில் வம்புக்கென்றே நிற்கும் பையன்கள், அவர்களோடு சேர்ந்துவிடுவானோ என்று பயமுறுத்தும் அண்ணன். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதானதும் சர்ச்சில் பூசை, தலையில் கிரீடம், தெருவையே கூட்டி விருந்து. "அடி ஆத்தாடி, அங்கிட்டும் சடங்கு சுத்துறாங்களா!" என்று பெரியம்மா முறத்தையே கீழே வைத்துவிட்டாள். "தாய்மாமன் சீரு என்ன கொண்டாந்தான்?" அங்கே மாமனைக் கட்டுகிற வழக்கமில்லை என்றாள் அக்கா. "அப்பறம் எதுக்குச் சடங்கு? தண்டச் செலவு!"

ஆனாலும் அன்றிலிருந்து அந்தக் கதைப் பெண் பெரியம்மாவுக்குச் சொந்தக்காரப் பிள்ளையாகிவிட்டாள். அடுப்படியிலிருந்தே "அந்தப் புள்ள என்ன ஆனா?" என்று குரல் வரும். அந்தப் பிள்ளைக்கு வெளியூர்க் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அவள் அம்மா விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவுக்கும் திருச்சியில் படிக்க ஆசை, கேட்கத்தான் வாய் வரவில்லை. மாமா லீவில் வந்ததும் பரிசம் என்று பேச்சு. அந்த அமெரிக்கக்காரி என்ன முடிவெடுப்பாளோ என்ற கவலையில் எனக்குச் சோறே இறங்காது.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அக்கா பேச்சை நிறுத்தினாள். எட்டிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே விளங்கியது: தம்பி தங்கைகளைப் பார்க்க ஆளில்லை என்று, கட்டிய பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அந்தப் பெண் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அக்கா புத்தகத்தை மூடினாள். "அவங்க அம்மாவே பஸ் ஏத்தி விட்டுட்டாங்கம்மா." பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவல்ல தாயி!" எனக்கோ, இது எங்கே போய் முடியுமோ என்றிருந்தது.

மாமா வந்த அன்று கோழிக் குழம்பு. பெரியப்பா பரிசப் பேச்சை எடுத்ததுமே பெரியம்மா குறுக்கே புகுந்தாள். "தம்பி, நீ கோவிச்சுக்கக் கூடாது. இவ மொதல்ல படிக்கட்டும். நீ குடுத்த பொஸ்தகத்துலயே அவ ஆத்தா புள்ளையக் காலேஜுக்கு அனுப்பிச்சிட்டா. நான் என்ன அவளுக்குக் கொறஞ்சவளா?"

பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இவனுக்கு முப்பது ஆகப்போகுது. அவ படிக்கப் போனா இவனுக்கு வேற எடந்தான் பாக்கணும், தெரியுமா? கதையக் கேட்டா குடும்பம் நடத்துறது? அதுல அப்படித்தான் இருக்குன்னு யாரு கண்டா? மாப்ள, நீயே படிச்சுச் சொல்லு!"

போச்சு என்று நினைத்தேன். மாமா ஹோட்டலில் நாள் முழுக்க இங்கிலீஷில் புழங்குகிறவர். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு, மேலிருந்து மறுபடியும் படித்தார். நிமிர்ந்து அக்காவை ஒரு முறை பார்த்தார்.

"ஆமா அத்தான். அனுப்பிட்டாங்க" என்றார்.

இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. "கொழம்பு ஆறுது, உக்காருடா" என்று பெரியம்மா கூப்பிடக் கூப்பிட, "பசிக்கலக்கா, வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார்.

அக்கா இன்று திருச்சியில் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறாள். "அன்னைக்கு என் தம்பிக்கு என்ன கோவமோ, சாப்பிடாமப் போயிட்டான்" என்று பெரியம்மா இன்னமும் புலம்புகிறாள். அக்கா எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.