நாலு தட்டு

டப்பாவுக்குக் கோபம் வரும் என்று சொன்னால் அவனைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். புத்தகம் பைண்டிங் செய்யும் கூடத்தில் முப்பது வருஷமாகத் தாள் மடித்துப் பசை தடவுகிறவன் அவன். காலிப் பசை டப்பாவைத் தட்டிக்கொண்டு, சங்க ஆண்டு விழாக்களிலும் பிரிவு உபசாரக் கூட்டங்களிலும் சொந்தப் பாட்டுகளைப் பாடிச் சிரிக்க வைப்பான். அதனால்தான் அந்தப் பெயர். வங்கியில் நூல் கட்டிக் கிடக்கும் பேனாவைப் பற்றி ஒரு பாட்டு, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. எழுதியது நூறுக்கு மேல் இருக்கும், பத்து தேறும். குரலும் சுமார்தான்.

ஆனால் ஒரு வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. இரண்டு வரி பாடுவான். பிறகு வாயை மூடிக்கொண்டு டப்பாவில் நிதானமாக நாலு தட்டு. அதற்குள் கூட்டம் சிரித்து முடித்துவிடும். "சிரிப்பு வந்தா உக்கார நாற்காலி போடணும். இல்லேன்னா வாசலோட போயிடும்" என்பான்.

அவனைப் பத்தாவது வரை படிக்க வைத்தது அக்காவின் சம்பளம். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணி சுமக்கிற வேலை. அழுக்கு மூட்டையை மாடியிலிருந்து இறக்க வேண்டும், வெளுத்த மூட்டையை ஏற்ற வேண்டும். லிஃப்ட் நின்று இரண்டு வருஷம் ஆயிற்று. எலும்பு முறிவு வார்டு நாலாவது மாடியில் இருந்தது. பெரிய டாக்டரின் அறை தரைத்தளத்தில் இருந்தது. முதல் வருஷம் அக்காவுக்கு வலது முழங்கால் வீங்கியது, அடுத்த வருஷம் இடது. அதைப் பார்த்துவிட்டுத்தான் டப்பா எழுதினான்:

*காலு ரெண்டும் நல்லா இருந்தா நாலு மாடி ஏறலாம்,*
*காலு ரெண்டும் நல்லா இருந்தா இங்க எதுக்கு வரணும்?*

நாலு தட்டு.

*லிஃப்டுக்கு என்ன வியாதின்னு எந்த டாக்டர் சொல்லுவார்?*
*படுத்த படுக்கை ரெண்டு வருஷம், பாக்க ஒருத்தர் வரல்லே!*

நாலு தட்டு.

பாட்டு ஒவ்வொரு செல்போனிலும் சுற்றியது. இதற்கு மேல் லிஃப்டைச் சரிசெய்யாமல் இருக்க அவர்களுக்கு எப்படி முகம் இருக்கும் என்று டப்பா நினைத்தான். நாலு மாதம் போயிற்று.

ஒரு மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போனான். படிக்கட்டில் இரண்டு வார்டு ஆட்கள், மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வாயில் அவன் பாட்டு. இரண்டு வரி முடிந்ததும் நாற்காலியைத் தரையில் வைத்தார்கள், அதன் கையில் நாலு தட்டு தட்டினார்கள், மறுபடி தூக்கினார்கள்.

"வாங்க பாட்டுக்காரரே!" என்றான் ஒருவன். "உங்க புண்ணியத்துல பாரமே தெரியல."

டப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மூன்றாம் மாடி வரைதான் தாங்கியது. அங்கே அக்கா மூட்டை மேலேயே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, மொகமெல்லாம் பல்லா இருக்கு?"

"எல்லாரும் பாடிக்கிட்டே ஏறுறாங்கக்கா."

"ஆமா, ஏறுறாங்க. முன்னாடியெல்லாம் தினம் ஒருத்தராவது பெரிய டாக்டர் ரூம் வாசல்ல நின்னு கத்துவாங்க. இப்ப ஒருத்தர் வாயத் தெறக்கணுமே! பாடுறாங்க, சிரிக்கிறாங்க, ஏறுறாங்க. ரொம்ப நல்ல காரியம் பண்ணினே."

"நான் அவங்களத் திட்டித்தானே எழுதினேன்?"

"திட்டினியா? அந்த மனுஷன் மாடிக்கு வர்றதே மாசம் ஒரு தடவ. அன்னிக்கும் உன் பாட்டத்தான் முணுமுணுத்துக்கிட்டு வர்றாரு. சூப்பர்வைசர் சொல்லிட்டான், அடுத்த மாசத்துலேர்ந்து ஏற முடியலன்னா நான் வேலைக்கு வர வேண்டாமாம். அதுக்கும் ஒரு பாட்டு எழுது. தட்டு நாலு தட்டு."

இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் அவன் பாட்டே எதிரே ஏறி வந்தது. வலிக்கிற முதுகுக்குக் கீழே வைக்கிற திண்டு மாதிரிதான் அவர்களுக்கு அது பயன்பட்டிருந்தது. முதலில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது கோபமாகியிருந்தது.

அந்த வாரமே பெரிய டாக்டர் போன் செய்தார். "நம்ம ஆண்டு விழால அந்த லிஃப்ட் பாட்டுதான் வேணும். நம்மளையே கேலி பண்ணினாலும் ரசிக்கிற பெருந்தன்மை நமக்கு உண்டுன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்."

பெருந்தன்மை! அந்தச் சொல்லை மென்றுகொண்டே டப்பா ஒரு வாரம் தாள் மடித்தான். மடிப்புகள் கத்தியால் கீறியது போல விழுந்தன.

விழா நாளில் காலை பதினோரு மணிக்கு மேடை ஏறினான். முன்வரிசையில் டாக்டர்கள், பின்னால் வேலைக்காரர்களும் நடக்க முடிந்த நோயாளிகளும். பாட்டில் ஒரு சொல்லைக்கூட அவன் மாற்றவில்லை. தட்டவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு வரி முடிந்ததும் கூட்டம் சிரிக்க வாயைத் திறந்தது. அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. மறுபடி திறந்தது, மறுபடி வரி வந்தது. மூச்சு வாங்க வாங்க, முடித்த இடத்திலிருந்து திரும்பவும் முதல் வரிக்குப் போனான். மூன்றாவது சுற்றில் யாரும் வாயைத் திறக்கவில்லை. *இங்க எதுக்கு வரணும்?* என்ற கேள்வி கேள்வியாகவே கூடத்தில் நின்றது.

"அதானே?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், ஊன்றுகோலை ஊன்றி எழுந்து. அந்த மாவுக்கட்டுப் பெரியவர்தான்.

பெரிய டாக்டர் புன்னகையைக் கைவிடாமல் தன் நாற்காலிக் கையில் நாலு தட்டு தட்டினார். ஒருவரும் சேர்ந்துகொள்ளவில்லை. "தட்ட மறந்துட்டீங்க போலிருக்கே!"

"மறக்கல சார்" என்றான் டப்பா. டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். கைதட்டல் எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் அக்கா வெளுத்த மூட்டையைக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரின் அறை வாசலில் வைத்துவிட்டு நின்றாள். மற்றத் துணிக்காரிகளும் கொண்டுவந்து வைத்தார்கள். வார்டுகளுக்குப் போகும் சாப்பாட்டுத் தூக்குகளும் வந்தன. பத்து மணிக்குள் அந்தக் கதவைத் திறக்க இடமில்லை. பெரிய டாக்டர் இடுக்கு வழியாகத் தலையை நீட்டினார்.

"யார் இங்க வைக்கச் சொன்னது?"

"மேல போகணும் சார்" என்றாள் அக்கா. "லிஃப்ட் வரட்டும். நிக்கிறோம்."

தலை உள்ளே போயிற்று. யாரையோ போனில் அதட்டும் குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற வார்டு ஆள் பழக்க தோஷத்தில் அந்தப் பாட்டை முனக ஆரம்பித்தான்.

"வாய மூடுடா" என்றாள் அக்கா.