ஒன்பது கைகளும் ஐப்பசி மழையும்

கல்பாக்கத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கியபோது, நான் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு ஏக்கர் வயல் வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசி. களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாது. வாய் மட்டும் உண்டு. அந்த வாயை வைத்தே ஊரில் எட்டு வீடுகளைப் பிடித்து, என்னையும் சேர்த்து ஒன்பது பேராக ஒரு கூட்டுப் பண்ணைக் குழு அமைத்தேன். எல்லார் நிலத்திலும் ஒரே நாளில் விதைப்பு, ஒருவர் நிலத்தில் மற்றவர் வேலை. எந்த முடிவுக்கும் ஒன்பது கையும் தூக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் குழு உடைந்த மாதிரிதான் என்று விதி போட்டதும் நானே.

அங்கே புழுதி விதைப்பு. ஆவணியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லைத் தூவிவிடுவார்கள். அது தூறலில் முளைத்து, ஐப்பசி மழைக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டால் தண்ணீர் நின்றாலும் தாங்கும்.

ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வராந்தாவில் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினேன். கடல் சூடாகிறது, மழை இனி பழைய கணக்கில் வராது என்றேன். நான் சொன்னது இருபது, முப்பது வருஷத்துப் போக்கு. அவர்களுக்கு வேண்டியதோ இந்த வருஷத்து மழை. முந்தைய வருஷம் முளைத்த பயிர் மழையில்லாமல் கருகியது வேறு எல்லார் மனதிலும் இருந்தது.

"சார் சொல்றதுதான் ரைட்டு. மழ தள்ளித்தான் வரும். பொரட்டாசி கடைசில வெதைப்போம்" என்றார் ஒருவர்.

அப்போதாவது நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும். நம் பேச்சைக் கேட்டு ஊரே முடிவெடுக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுக் கைகள் உயர்ந்தன, என்னுடையதும் சேர்த்து. ஒன்பதாவது கை, கணவரை இழந்து இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்த ஓர் அக்காவுடையது. ஏரிக்கரையை ஒட்டிய பள்ளத்தில் அவருக்கு முக்கால் ஏக்கர். அதில் விளைவதுதான் மூன்று பேருக்கும் வருஷத்துச் சாப்பாடு. சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினார். நான் கைதட்டினேன்.

ஐப்பசி பிறந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. விரல் உயர முளைகளின் மேல் தண்ணீர். மேட்டில் இருந்த எங்கள் வயல்கள் நான்கு நாளில் வடிந்து பாதியாவது பிழைத்தன. அக்காவின் பள்ளம் வடியவே இல்லை, எல்லாம் அழுகிவிட்டது. குழுவில் சேராதவர்களின் பயிர் பக்கத்திலேயே தண்ணீருக்கு மேல் தலைநீட்டிக்கொண்டு நின்றது. வரப்பில் குடையோடு நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரியவில்லை. என் பேச்சுக்கா, விதிக்கா? தனித்தனியாக விதைத்திருந்தால் யாராவது ஒருவர் முந்தியிருப்பாரே. ஒற்றுமைதான் கெடுத்ததா?

பொங்கல் கழிந்து ஒருநாள் காலை அக்காவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஈ.சி.ஆர். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் புல்தரைக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். அவர் கட்டியிருந்த நீலப் புடவை அங்கே கொடுத்ததாம்.

"ஆவணியில வெதைச்சாதான் அந்தப் பள்ளத்துக்கு ஆவும்னு எனக்குத் தெரியும் சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்டி சொல்றது? ஒரு கை கொறஞ்சா ஒடஞ்சி பூடும்னியே."

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் குழப்பியது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். மழ மாறிகினு வருதுன்னியே, அது பொய்யா?"

"பொய் இல்லக்கா. அது நெசந்தான்."

"நெசம்னா என் நெல்லு எங்க சார்?"

மாமல்லபுரம் பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.