ராணிப்பேட்டையின் சாவுச் சீட்டு

காலித் பாயைப் பற்றி யாராவது "வெட்டியாகக் கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஆள்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நசரத்பேட்டையில் பெங்களூர் ஹைவேயை ஒட்டிய எடை மேடையில் பதினேழு வருடமாக லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு கொடுப்பவர் அவர். கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மின்விசிறி, ஒரு பழைய கம்ப்யூட்டர். லாரி வராத நேரத்தில் அதிலேயே ஒரு விளையாட்டு ஆடுவார். பதினோரு வருடமாக ஆடினார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அதில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். மெயில் முகவரியில் வருமே @, அதுதான் நம் ஆள். இருபத்தாறு தளம் கீழே இறங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். நாம் ஒரு கீயை அழுத்தினால் அவன் ஓர் அடி வைப்பான். அழுத்தாதவரை எதிரியும் அசைய மாட்டான், நாள் முழுக்க யோசிக்கலாம். ஆனால் செத்தால் செத்ததுதான். இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆளாக இருந்தாலும் விளையாட்டே அவனுடைய ஃபைலை அழித்துவிடும். மறுபடி முதல் தளம், வெறுங்கை.

ஒவ்வொரு சாவையும் பாய் பழைய எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். புது ஆளைத் தொடங்கும்போது மேடையில் எந்த ஊர் லாரி நிற்கிறதோ அதுதான் அவன் பெயர். "கிருஷ்ணகிரி, நான்காம் தளம். கொன்றது: குள்ளநரி." "ஓசூர், பதினொன்றாம் தளம். கொன்றது: பசி." நானூறு சீட்டுக்கு மேல் இருக்கும்.

இதை ஏன் நாலு பேருக்கு மேல் ஆடுவதில்லை என்று என்னிடம் கேட்டால் திட்டிவிடுவேன். போன் விளையாட்டில் செத்தால் அரை நிமிடம் விளம்பரம் பார், எழுப்பி விடுகிறான். தோற்றவனுக்கும் பூ தூவிக் கைதட்டுகிறான். அதில் ஊறிப்போன ஜனம் இங்கே வந்து என்ன செய்யும்? பக்கத்து டயர் கடை கிருபாகரனை ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்த்தோம். எட்டாம் நாள் அவன் ஆள் செத்தான்.

"இன்னா பாய் இது? ஒரு வாரமா ஆடிக்கினு கீறேன், பொசுக்குனு எல்லாம் பூட்ச்சு. சேவ் எங்க கீது?"

"சேவ் கெடயாதுபா."

"அப்பால இன்னாத்துக்கு ஆடணும்?" என்று எழுந்து போனவன், அதற்குப் பிறகு அந்த நாற்காலிப் பக்கமே வரவில்லை. என் ஆபீஸ் நண்பர்களும் இதையேதான் கேட்டார்கள். கோழைகள் என்று மனதுக்குள் திட்டினேன். எனக்கு அவ்வளவு திமிர்.

நான் ராகவன். தென்காசியிலிருந்து ஐடி வேலைக்கு வந்து இங்கே ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். கம்பெனி ஃபைல் எதுவும் தொலையாமல் நகல் எடுத்து வைப்பது என் வேலை. மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் பாயோடு உட்கார்ந்து ஆடினேன். எடைக் கணக்கு அழிந்துவிடக் கூடாது என்று மேடை முதலாளி கேட்டதால், போனதும் முதல் காரியமாகக் கம்ப்யூட்டரை அப்படியே என் பென் டிரைவில் நகல் எடுப்பேன். விளையாட்டின் ஃபைலும் அதோடு வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை பாயின் ஆள் ராணிப்பேட்டை, இருபத்து மூன்றாம் தளத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவு ஆழத்துக்குப் பாயின் ஆள் யாரும் இதுவரை போனதில்லை. மூன்று பக்கமும் எதிரி. இரண்டு நாளாகப் பாய் ஒரு கீயைக்கூடத் தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு ஜல்லி லாரி வந்தது. எடையைக் குறைத்துக் காட்ட, கடைசிச் சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துகிற டிரைவர்கள் உண்டு. அதனால் ஒவ்வொரு லாரிக்கும் பாய் எழுந்து போய்ச் சக்கரத்தைப் பார்ப்பார்.

"எதையும் தொடாத ராகவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. இடப்பக்கம் ஓர் அடி வைத்தால் சந்து, தப்பிவிடலாம். பாய் திரும்பி வரும்போது அசத்தலாம் என்று அழுத்தினேன். இருட்டிலிருந்து நெருப்பு வந்தது. திரையில் கல்லறை.

வெளியே டிரைவர், "இன்னொரு வாட்டி போடேன் பாய்" என்று கெஞ்சுவது கேட்டது.

"மொத்த சக்கரமும் ஏறி நின்னாச்சு, போட்டாச்சு. இனிமே மாத்த மாட்டேன்" என்றார் பாய்.

பென் டிரைவைச் செருகினேன். அன்று வந்ததும் நகல் எடுத்திருந்த ஃபைலைத் திரும்ப வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ராணிப்பேட்டை அதே இடத்தில், அதே உயிரோடு நின்றான்.

பாய் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். "லெஃப்ட்ல சந்து கீது. போய்டட்டா?" என்று கேட்டார்.

"வேணாம் பாய்" என்றேன்.

அவர் என் பேச்சைக் கேட்டார். பின்வாங்கி, கையிலிருந்த கடைசி மருந்தைக் குடித்துத் தப்பினார். புதன்கிழமை மத்தியானம் போன் செய்தார். "ஜெயிச்சிட்டேன்டா ராகவா" என்றார். அழுதார்.

அடுத்த சனிக்கிழமை அவர் மனைவி ஜஹானாரா கேரியரில் பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். கிருபாகரனையும் கூப்பிட்டிருந்தார் பாய். கம்பியின் உச்சியில் "ராணிப்பேட்டை. வென்றான்." என்ற சீட்டு.

"எல்லாம் இவன் சொன்ன ஒரு வார்த்தபா" என்று என் தோளைத் தட்டினார். "லெஃப்ட்ல போவாதன்னான். எப்டிடா தெரிஞ்சுது உனக்கு?"

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன். "ஒண்ணும் மாறலயே பாய், எல்லாம் அதே இடத்துலதான இருந்துச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பாய் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நான் லெஃப்ட்லதான் போயிருப்பேன். செத்திருப்பேன். அது என் சாவுடா. பதினோரு வருசம் நானா செத்துகினு கீறேன், ஒண்ணுத்தையும் ஒருத்தன் கைல குட்த்தது இல்ல. அத நீ எட்த்துகினு, எனக்கு இன்னா குட்த்த? பிச்சையா?"

கிருபாகரன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கோழை என்று நினைத்த என் மேல் எனக்குக் காறித் துப்பலாம் போலக் கோபம் வந்தது. அவனாவது நேர்மையானவன், சேவ் இல்லை என்றதும் எழுந்து போனான். நான் சேவைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் அந்த அறையில் வீரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பாய் வென்ற சீட்டை உருவிக் கிழித்தார். ஒரு பழைய சீட்டைத் திருப்பிப் போட்டு என் முன்னால் பேனாவை வைத்தார்.

"எழுது. உன் கையாலயே எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ராணிப்பேட்டை, இருபத்து மூன்றாம் தளம். கொன்றது: ராகவன்.

அதை வாங்கிக் கம்பியில் குத்தினார். வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. பாய் எட்டிப் பார்த்து, "ஆம்பூர்" என்று புது ஆளுக்குப் பெயர் அடித்தார். பிறகு வயரைப் பிடுங்கி, கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சக்கரம் பார்க்கப் போனார்.