தயாளண்ணா எடுத்த டிக்

தயாளண்ணா போய்விட்டார்.

காலையில் அவர் தங்கச்சி செல்வியக்கா போன் செய்து சொன்னார். மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லையாம்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டைப்பிங் சென்டர் இருந்தது. இரண்டே கம்ப்யூட்டர். ஒன்றில் நான், இன்னொன்றில் தயாளண்ணா. என் பக்கம் இருந்த ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதில் ஆரம்பித்து தினமும் சண்டை.

தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. மனு டைப் செய்ய வரிசையில் நிற்பார்கள். எங்கள் சேட்டு முதலாளிக்கு மட்டும்தான் அந்த வருஷம் சிரிப்பு வந்தது.

அண்ணா வசித்த லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கம்பெனியில் லிஸ்ட் கேட்டிருந்தார்கள். ஆளில்லாத வீடுகளைப் பூட்டப்போகிறார்களாம்.

லைன் வீட்டு ஆட்களைத் தெரியும் இல்லையா... வீட்டு நம்பரைச் சொல்லித்தான் ஆளைச் சொல்வார்கள். "நாப்பத்தேழு மாணிக்கம்", "அம்பது ஆரோக்கியம்" என்று. அண்ணாவும் அப்படியே டைப் செய்தார். 47, ஒரு புள்ளி, மாணிக்கம்.

எண்டர் தட்டியதும் கம்ப்யூட்டரே 48 என்று போட்டது. தட்டத் தட்ட 49, 50...

"பார்த்தியாம்மா! நம்ம லைனு இதுக்கே தெரிஞ்சிகீது!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம்... சை.

லைனின் கடைசி வீடு செல்வியக்காவுடையது. அக்கா வீட்டுக்காரர் சுரங்கத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு போய், பெங்களூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்காவும் அங்கேதான். வீட்டில் ஆள் இல்லை. அதனாலேயே அந்தப் பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று அண்ணா திரும்பத் திரும்பப் பார்த்தார். பெயர் இருந்தது.

லிஸ்ட் கொடுப்பதற்கு முந்தின நாள் ஐம்பத்தொன்றாம் வீட்டுத் தாத்தா செத்துப்போனார். தனி ஆள். "அவர் பேர எடுத்துடு தயாளா, வூடு காலிதானே" என்றார்கள் லைன்காரர்கள். அண்ணா அந்த ஒரு வரியை அழித்தார்.

அழித்ததும் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு நம்பர் மேலே ஏறிக்கொண்டார்கள். 52-ல் இருந்தவர் 51. அவருக்கு அடுத்தவர் 52. கடைசி நம்பர் லிஸ்டிலேயே இல்லை.

லைன்காரர்கள் பெயர்களைப் படித்துப் பார்த்தார்கள். எல்லாப் பெயரும் இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பூட்ட வந்தவர்கள் நம்பரைப் பார்த்தார்கள். மற்ற வீடுகளில் நம்பருக்கும் பெயருக்கும் ஒத்துவராவிட்டாலும் ஆள் இருந்ததால் கத்தி, சண்டை போட்டு, தப்பித்தார்கள். கடைசி வீடு லிஸ்டிலும் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. பூட்டுப் போட்டு அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். லைன்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "நீங்க குடுத்த லிஸ்ட்தானே" என்று ஒரே பதில்.

அதைத் திருத்தத்தான் அண்ணா மறுநாள் காலையில் சென்டருக்கு ஓடி வந்தார். நாங்கள் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்து சொன்னான். அக்கா புருஷனைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று. உயிரோடு இல்லை.

நானும் கூடவே ஓடினேன். வாசலில் வண்டி நிற்கிறது. கதவில் பூட்டு. சீலை உடைத்தால் கேஸ் ஆகிவிடும், இருக்கிற வீடும் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். எவனும் கிட்டே போகவில்லை.

செல்வியக்கா அழக்கூட இல்லை. அண்ணாவைப் பார்த்து, "எங்கண்ணா வெக்கிறது இவர?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார்.

சந்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். தூறல் பெய்ததால் மேலே தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கிருந்தே எடுத்தார்கள். பூட்டைத் திறந்தது எல்லாம் முடிந்த பிறகு.

அதற்கப்புறம் அண்ணா அந்த வீட்டுக்குள் போகவே இல்லை. தினமும் போவார். தண்ணீர் பிடித்துக் கொடுப்பார், ரேஷன் வாங்கி வைப்பார். எல்லாம் வாசலோடு சரி. தட்டில் சோறு கொடுத்தாலும் நின்றுகொண்டே சாப்பிடுவார். அக்கா மகள் கல்யாணத்துக்கும் வாசலில்தான் நின்றார்.

"விட்டுத் தொலைங்கண்ணா, நீங்க வேணும்னா பண்ணீங்க?" என்று ஒருமுறை கத்தியே விட்டேன்.

"அவரு போக முடியாத வூட்ல எனக்கு இன்னாம்மா வேலை?" என்றார்.

இன்னொரு பழக்கமும் வந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் முதல் வேலை, செட்டிங்ஸுக்குள் போய்த் தானாக நம்பர் போடுகிற டிக், கோடு போடுகிற டிக், எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். பங்காருபேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். ரிசல்ட் பார்க்கப் போன இடத்தில் இதைச் செய்து, கடைக்காரனிடம் நல்ல திட்டு.

"அடுத்தவங்க மிஷின்ல ஏண்ணா கை வெக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கம்முனு இரு. நாளைக்கு இதுல எவன் வூட்டு லிஸ்ட் அடிப்பானோ..."

பெங்களூர் வந்த பிறகும் புது ஆபீஸ், புது கம்ப்யூட்டர் என்றால் நான் செய்கிற முதல் வேலையும் அதுதான். ஐடி பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காலையில் போனில் செல்வியக்காவிடம் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அண்ணாவ எங்கக்கா வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டேன்.

"உள்ளேதாம்மா. நடு வூட்ல படுக்க வெச்சிருக்கேன். இப்ப வரமாட்டேன்னு சொல்ல முடியுமா அதால?" என்றார். அப்புறம்தான் அழுதார்.

மாரிகுப்பம் ரயிலில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கணும்.

வர்றேண்ணா. உள்ளேயே இருங்க.