நிச்சயப் புடவையோடு ஒரு கிரிவலம்

தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே தங்குவது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நான் 1979 கார்த்திகையில் போனதை எழுதுகிறேன். அன்று நான் சாமி கும்பிடப் போகவில்லை. அங்கே நர்ஸ் பயிற்சியில் இருந்த என் மகள் மல்லிகாவைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அழைத்துவரப் போனேன். என்னை இழுத்துக்கொண்டு போனவர் என் கணவரின் அண்ணன் ஏகாம்பரம். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. மறக்க எனக்கு ஆசையும் இல்லை.

என் கணவர் மல்லிகா சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு வெள்ளைப் புடவைதான். மல்லிகா நர்ஸ் படிப்பில் சேர்ந்ததும் அவளுக்கும் வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்தார்கள். முதல் லீவுக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்தவளை ஏகாம்பரம் மாமா வாசலிலேயே நிறுத்தினார். "வீட்ல ஒரு வெள்ளப் பொடவ போதாதா? கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இது என்ன கோலம்?" என்றார். அவள் கொல்லைப்புறமாகப் போய் மாற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

பிறகு போளூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். பெண் இல்லாமலே தட்டு மாற்றினார்கள். அப்பா உட்கார வேண்டிய இடத்தில் மாமா உட்கார்ந்தார். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், என் போன்றவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும். தை மாதம் கல்யாணம், அதற்குள் படிப்பை விட்டுவிட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பச்சை நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட ஒரு நிச்சயப் புடவையும் கொடுத்தார்கள். "தீபத்துக்குக் கூட்டம் போவுது. மலையச் சுத்துன மாதிரியும் ஆச்சு, பொண்ண இட்டாந்த மாதிரியும் ஆச்சு. இதக் கட்டவெச்சு இட்டாரலாம்" என்று மாமா அந்தப் புடவையை என் பையில் திணித்தார்.

எங்கள் ஊர் செங்கத்துக்கு அருகில். திருவண்ணாமலைக்குச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலை முதல் பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய்க்குச் சில்லறை குறைவு. தீபத்தன்று பஸ்ஸை ஊருக்குள் விட மாட்டார்கள், செங்கம் ரோட்டிலேயே இறக்கிவிட்டார்கள். "ஏம்பா, இன்னும் எவ்ளோ தூரம் நடக்கணும்?" என்று மாமா கேட்டதற்குக் கண்டக்டர், "மலையச் சுத்த வந்துட்டு தூரத்தக் கேக்கறியே பெருசு, எறங்கு எறங்கு" என்றார். (இதில் மட்டும் இன்றுவரை மாற்றம் இல்லை. ஊர் எல்லையிலிருந்து நடக்கத் தயாராகப் போங்கள்.) அப்போது ரமணாசிரமம் பக்கம் இத்தனை லாட்ஜ் கிடையாது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசும் கிடையாது. புளியமரமும் மாட்டு வண்டிகளும்தான்.

ஊருக்குள் போய் மல்லிகாவின் ஹாஸ்டலில் கேட்டோம். பெண்களெல்லாம் அடி அண்ணாமலையில் போட்டிருக்கும் மருத்துவக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள் என்றார் வாட்ச்மேன். அடி அண்ணாமலை மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையில் பாதி வழி. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு நடந்தோம். முதல் நாள் பெய்த மழையில் பாதை சேறு. செருப்பு போடக்கூடாது. அடி அண்ணாமலையை நெருங்கும்போது உடைந்த சோடா பாட்டில் துண்டு ஒன்று மாமாவின் பாதத்தில் ஏறியது. "அஞ்சல, ரத்தம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தோளில் கிடந்த துண்டைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

தென்னங்கீற்றுக் கொட்டகை. முன்னால் நீள பெஞ்ச். வெள்ளைப் புடவையில் மூன்று பெண்கள், நடுவில் மல்லிகா. மாமா நேராகப் போய்க் காலை நீட்டினார்.

"பெரியப்பாவா? வாங்க. வரிசையில உக்காருங்க, உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

"அடியே, நான் உன் பெரியப்பாடி!"

"தெரியுது பெரியப்பா. அதான் வாங்கன்னேன்."

வரிசையில் இருந்த ஒரு கிழவி கொல்லென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மல்லிகா என்னைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். பையின் வாயில் அரக்கு பார்டர் எட்டிப்பார்த்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போட்டுக்கொண்டிருந்த கட்டை முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் சட்டையில் பேட்ஜ் குத்திய தீப விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். நர்ஸ் பெண்களுக்குப் பாடம் நடத்தும் ரோஸ்லின் சிஸ்டர் உள்ளே பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கமிட்டிக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசினார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. சுத்தி வர்றவங்க மொகம் சுளிக்கறாங்க. சாமி காரியத்துக்கு வர்றப்ப எதுர்ல வெள்ளப் பொடவ. பொண்ணுங்கள உள்ள உக்காரவெச்சுட்டு, கம்பவுண்டர முன்னாடி நிறுத்துங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. நானே பார்த்தேன். குடும்பமாக வந்தவர்கள் கொட்டகை எதிரே வந்ததும் பாதையின் அந்த ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு போனாள். எத்தனையோ விசேஷத்தில் என்னைக் கண்டு அப்படி ஒதுங்கியிருக்கிறார்கள். என் மகளைக் கண்டு ஒதுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

சிஸ்டர் பஞ்சைக் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு இன்சார்ஜ் மல்லிகா. அவகிட்ட கேளுங்க" என்றார்.

அதுதான் அந்தம்மாளின் நடைமுறை. முகாம் என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணுக்குப் பொறுப்பு. அந்த நாள் முழுக்க சிஸ்டரே அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் செய்வார். உத்தரவுக்குக் காத்திருக்கப் பழகியவளால் வார்டை நடத்த முடியாது என்பாராம். அவர் வருவதற்கு முன்பு பயிற்சிப் பெண்களை டாக்டர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தி பரிமாறக் கூப்பிடுவார்களாம். வந்த முதல் மாதமே அதை நிறுத்திவிட்டாராம். மல்லிகா பிறகு சொன்னாள்.

கமிட்டிக்காரர் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டியதாயிற்று. மல்லிகா நிமிர்ந்தாள். பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க இங்கதான் சார் நிப்போம். உள்ள உக்காந்தா காயம் தேடி வருமா? கட்டுப் போடப் படிச்சது நாங்க."

"கம்பவுண்டர் இருக்காரே?"

கம்பவுண்டர் மருந்து கலக்கிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "எனுக்கு ரத்தத்தப் பாத்தா தலய சுத்தும் சார். அதான் நான் பாட்டிலோட இருக்கறேன்."

கமிட்டிக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். மாமா எழுந்தார். அவர் முறை வந்திருந்தது, ஆனால் காலை நீட்டவில்லை. "கட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். அஞ்சல, பொடவைய எடுத்து அவகிட்ட குடு. கட்டிக்கினு கெளம்பச் சொல்லு. மாப்ள வீட்டாரு காதுல இது விழுந்துதுன்னா என் மானம் போயிடும்."

நான் பைக்குள் கைவிட்டேன். புடவையை வெளியில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் என் வயதுக்காரி ஒருத்தி மகளோடு வந்து நின்றாள். கணுக்காலுக்கு மேலே நாய் கடித்திருந்தது. மல்லிகா பார்க்கக் குனிந்ததும் அந்தம்மா புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இத்தினி ஆம்பளைங்க போறாங்க, எப்படிம்மா தூக்கிக் காட்டறது? நான் ஊர்ல போய் பாத்துக்கறேன்" என்று திரும்பினாள்.

"சிஸ்டர், காலையிலேர்ந்து இது எத்தனாவது ஆளு" என்றாள் மல்லிகா. "மறைப்பு வேணும்னு கேட்டேன், மரச் சட்டத்த இவ்ளோ தூரம் தூக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நாய்க்கடிய கழுவாம அனுப்பறேன்."

தானே நிற்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா என்னைப் பார்த்து, "குடு சீக்கிரம்" என்றார்.

கொடுத்தேன். ஆனால் மல்லிகா கையில் இல்லை. பிரித்தேன். ஒரு முனையைக் கொட்டகைக் கம்பத்தில் முடிச்சுப் போட்டேன். "அந்தப் பக்கம் கட்டுடி" என்றேன். அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மறுமுனையை வாங்கி எதிர்க் கம்பத்தில் இழுத்துக் கட்டினாள். பச்சைப் புடவை கொட்டகையின் பாதியை மறைத்துத் தொங்கியது.

"வாம்மா, இப்ப உக்காரு" என்று நாய் கடித்தவளை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப்போனேன்.

"அஞ்சல! அது நிச்சயப் பொடவ!"

"தெரியும் மாமா. நல்ல அகலம்."

அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு வந்ததை எழுத மாட்டேன். துண்டு சுற்றிய காலோடு மீதிப் பாதையைத் தனியாக நடந்தார். கட்டுப் போடும் அடுத்த கொட்டகை ஊருக்குள்தான் இருந்தது. அங்கேயும் வெள்ளைப் புடவைதான் இருந்திருக்கும், என்ன செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

மலை மேல் தீபம் ஏற்றும்வரை கொட்டகையில் இருந்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தயங்கி நின்ற பெண்களைப் புடவைக்கு இந்தப் பக்கம் கூட்டி வந்தேன். முழங்கால் வீங்கியவர்கள், தொடை இடுக்கு புண்ணாகி நடக்க முடியாமல் வந்தவர்கள். சற்று முன்பு ஒதுங்கிப் போனவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களையும் மல்லிகா வரிசையில்தான் உட்காரவைத்தாள். முன்னால் விடவும் இல்லை, பின்னால் தள்ளவும் இல்லை. நானாக இருந்தால் தள்ளியிருப்பேன்.

புடவை முழுக்க டிங்சர் மருந்துக் கறை. மாப்பிள்ளை வீட்டார் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். "பொண்ணும் வேலைக்குப் போயிருக்கு, பொடவையும் வேலைக்குப் போயிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். மாமா தன் வீட்டுக் கதவை எனக்குச் சாத்தினார். நானும் என் பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். சாகும்வரை அவரோடு நான் பேசவில்லை.

மல்லிகா படிப்பை முடித்தாள். வேலைக்குப் போனாள், மேலே படித்தாள், 1986-ல் அதே நர்ஸ் பள்ளிக்குப் பாடம் நடத்த வந்தாள். கல்யாணமும் ஆயிற்று, வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்து முகம் சுளிக்காதவனோடு. அவள் பாடம் நடத்த வந்த வருடத் தீபத்துக்கு நான் மறுபடியும் நடந்தேன். கொட்டகையில் பச்சைத் துணியில் மூன்று மறைப்புகள். காடா துணிதான், பார்டர் கிடையாது. முகாம் சாமான்களில் அதையும் சேர்க்க வைத்துவிட்டாளாம். "மல்லிகா எங்கே?" என்று பெஞ்சில் இருந்த சின்னப் பெண்ணிடம் கேட்டேன். "மேடம் பின்னாடி பஞ்சு எடுத்துக்கினு இருக்காங்க. இன்னிக்கி இன்சார்ஜ் நான்தான், என்ன வேணும் சொல்லுங்க" என்றாள். அதட்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அவ்வளவு பிடித்தது.

இனி போகப்போகிறவர்களுக்கு. பாதை பதினான்கு கிலோமீட்டர். வெறுங்காலோடு நடப்பவர்கள் கீழே பார்த்து நடங்கள். காலில் ஏதாவது கிழித்தால் கோபுரம் வரை தாங்கலாம் என்று நினைக்காமல் முதல் கொட்டகையிலேயே உட்காருங்கள். வரிசையில் உட்காருங்கள். அங்கே இருக்கும் பெண்ணை "ஏம்மா", "இந்தா பொண்ணு" என்று கூப்பிடாதீர்கள், சிஸ்டர் என்று கூப்பிடுங்கள். டாக்டர் எங்கே என்று அவள் தலைக்கு மேலே தேடாதீர்கள். பெண்கள் காலைக் காட்டக் கூச்சப்பட்டால் மறைப்பு கேளுங்கள். கேட்டு வாங்கியதுதான் அது.

பையில் ஒரு மாற்றுப் புடவை கட்டாயம் எடுத்துப் போங்கள். கார்த்திகையில் மழை வரும், அதற்காக என்று எல்லோரும் சொல்வார்கள். மழைக்கு மட்டும் இல்லை.