கோலமாவில் வரைந்த வண்டி

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தபோது தேசம்மா அக்காவின் மகள் செல்வியிடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றாள். அக்காவுக்குக் காய்ச்சல் என்று தெரியும். சாவில் முடிகிற காய்ச்சல் என்று நினைக்கவில்லை. திரித்தட்டை அப்படியே வைத்துவிட்டுத் திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு நடந்தேன். வழியில் ஒரே யோசனை: இன்றைக்குப் பூஜையை நடத்துவதா, வேண்டாமா? அதை அக்காவிடம்தானே கேட்போம்?

நம் பூஜைக் குழுவில் அவரை அறியாதவர் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் வேன்காரம்மா. நடக்க முடியாதவர்களைப் படுக்கவைத்தே கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகிற நீல வண்டியின் சொந்தக்காரர். அந்த வண்டி எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. நான் கூடவே இருந்தவள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். ஒருநாள் கப்பலின் அடித்தட்டில் விழுந்தார். கால்கள் ஓய்ந்துபோயின. கொஞ்ச நேரம் உட்காரலாம், பிறகு முதுகு தாங்காது. திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது அவருக்கு. ரயிலில் புறப்பட்டார்கள். வழியில் கழிவறைக்குத் தூக்கிப்போனபோது வாசலில் மாட்டிக்கொண்டார். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று யோசனை சொன்னார்கள். விழுப்புரத்தில் இறங்கித் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணன் முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிடுவார், திருச்செந்தூர் என்ற பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

நஷ்டஈடு வந்தபோது மாத்தூரில் மனை வாங்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அக்கா என் வீட்டுக்கு வந்தார், கையில் பழைய பேப்பர் கடையில் எடுத்த வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று. ஒரு வேனின் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்ததுபோல் ஒரு படம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்க இடம், கழிவறை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன்.

"வூட்டயே தூக்கி வண்டி மேல வெச்சிகீறான் மே," என்றார். "நாம வெச்சா இன்னா?"

"அக்கா, ஒரே ஒரு பயணத்துக்கா இவ்வளவும்?"

"இவரு மாதிரி படுத்துகினு கீறவங்க இந்தப் பக்கம் எத்தினி பேரு, உனக்குத் தெரியாதா? வாடகைக்கு வுடுவேன். ஆனா தப்பான வண்டிய எடுத்துட்டா அவ்ளோதான். இன்னொரு தபா துட்டு வராது. இன்னொரு தபா வுழறதுக்கு அவருக்கு முதுகும் கெடையாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தண்டையார்பேட்டையில் வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்த காதர் பாய் மூன்று வழி சொன்னார். புதிதாக ஒரு சின்ன வேன் வாங்கி உள்ளே மாற்றலாம். சின்ன லாரியின் சேஸ், அதாவது கூண்டில்லாத அடிச்சட்டம் மட்டும் வாங்கி, அதன்மேல் நமக்கு வேண்டிய அளவில் கூண்டு கட்டலாம். அல்லது மணலியில் ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றிப்போன மினி பஸ் விலைக்கு நின்றது, அதை எடுக்கலாம். நான் மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். புது வேன்தான் எல்லாவற்றிலும் விலை அதிகம், இடமோ குறைவு. மினி பஸ் நடுத்தரம், ஆனால் பழசு, எப்போது எது கழலும் என்று தெரியாது. லாரி சேஸில் இடமும் நிறைய, விலையும் மலிவு. லாரிதான் என்று அடித்துச் சொன்னேன்.

அக்கா மறுக்கவில்லை. மறுநாள் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்து நின்றார். அந்த ரக லாரி ஒன்று எண்ணூருக்குச் சரக்கில்லாமல் போகிறது, ஏறு என்றார். கண்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட சாலை. எர்ணாவூர் வருவதற்குள் சொம்பில் பாதித் தண்ணீர் என் புடவையில் இருந்தது.

"உன் கணக்கு நனஞ்சிபோச்சு மே," என்றார்.

"சரக்கு ஏத்துற வண்டிம்மா இது, ஸ்பிரிங் பட்டை கெட்டியா இருக்கும்," என்று பாய் பிறகு விளக்கினார். "ஒரு ஆளை மட்டும் ஏத்துனா தூக்கித் தூக்கித்தான் போடும்."

அடுத்து ஏறிப் பார்த்த சின்ன வேனில் தண்ணீர் சிந்தவில்லை. ஆனால் அக்காவால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே திருச்செந்தூர் வரைக்கும் ஒரு மனிதரை எப்படிக் கவனிப்பது? மினி பஸ்ஸில் சொம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாக மாறி மாறி உட்கார்ந்தார். "யம்மா, அபிஷேகத் தண்ணியா அது?" என்று கேட்டார் டிரைவர். "ஆமா, உன் வண்டிக்குத்தான்," என்றார் அக்கா. பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தபோது தண்ணீர் துள்ளியது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் வந்தபோது லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். "கட்டிலு இங்க," என்று இருக்கையைத் தட்டினார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுகோல் அது. எனக்கு வியப்பாக இருந்தது, என் கணக்கு தோற்றதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

வண்டி முடிவானது. உள்ளே எது எங்கே? பாய் டேப்பால் அளந்துகொடுத்த அளவில், பிளாக்கின் மொட்டைமாடியில் முழு வண்டியையும் கோலமாவில் போட்டோம். கட்டில், அடுப்பு மேடை, கழிவறை, நடுவில் நடைவழி. வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். திருச்செந்தூர் தெற்கே, அதனால் தலை டிரைவர் பக்கம் இருக்கட்டும் என்றேன். பார்க்க வந்த பாய் தாடியைத் தடவினார்.

"திரும்பி வர்றப்போ இன்னாம்மா பண்ணுவீங்க?"

அக்கா சொன்னார்: "போறது சாமிகிட்ட, அதுக்கு முறை பாக்கலாம். வர்றது வூட்டுக்கு. வூட்டுக்கு வர்றவனுக்கு எந்தத் திசயும் குத்தமில்ல."

கழிவறையைக் கடைசியில் வைத்து, அதையொட்டி அடுப்பு வைத்திருந்தோம். நடுவில் ஒரு தகரம்தானா என்று முகம் சுளித்தேன். "நம்ம போர்டு வூட்ல மட்டும் நடுவுல கோட்டயா கட்டிகீறான்?" என்றார்.

மாடிக்கு வந்த பெண்கள் எல்லோரும் அந்த நடைவழியில் நடந்து பார்த்து, தாராளம், தாராளம் என்றார்கள். பாய் மட்டும் தலையை ஆட்டினார். "கோலத்த மிதிக்கக்கூடாதுன்னு எல்லாரும் உடம்ப ஒடுக்கிகினு நடக்கிறீங்க. கோலத்துல சுவரும் கெடையாது, முழங்கையும் இடிக்காது. நிஜ வண்டில இடிக்கும்மா."

உண்மைதான். கோலம் என்றால் கால் தானாக ஒதுங்கும், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். உடனே துணிக்கொடிகளை இறக்கிக் கட்டி, கோடு போட்ட இடத்திலெல்லாம் புடவைகளைத் தொங்கவிட்டோம். அண்ணனைத் தூக்கி வந்து கட்டில் கோலத்துக்குள் பாயில் படுக்கவைத்தோம். இப்போது அக்கா தோள்பக்கமும் செல்வி கால்பக்கமும் பிடித்துக் கழிவறைக்குத் தூக்கிப்போனார்கள். திருப்பத்தில் இரண்டு பக்கப் புடவைகளும் கொடியோடு சரிந்து மேலே விழுந்தன. ரயிலில் நடந்ததேதான். அண்ணன் புடவைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். நடைவழியை அகலமாக்கினால் கட்டிலுக்கு இடமில்லை, கட்டிலை வைத்தால் வழிக்கு இடமில்லை. அக்கா மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். அவர் கலங்கிப்போய் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"ஏன் தூக்கறீங்க?" என்றார் அண்ணன், புடவைக்குள்ளிருந்து.

"இன்னா?"

"கையி நல்லாத்தான கீது. மூட்ட தூக்குன கையி. கட்டிலு ஒசரத்துக்கே அந்தக் குந்துற பலகயையும் ஒட்டினாப்ல வெச்சீங்கன்னா நானே நகந்து பூடுவேன். ஒரு தெர போட்டா போதும்."

அக்கா அவரையே பார்த்தார். "இத்தினி நாளு ஏன்யா சொல்லல?"

"நீ வண்டிய கேட்ட, பாய கேட்ட, சொம்பக் கேட்ட. என்ன எப்போ கேட்ட?"

பாய்தான் முதலில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து, முந்தானையால் கழிவறைக் கோலத்தை அழித்து, கட்டிலை ஒட்டிப் புதிதாகப் போட்டார். அதன்பின் நம் குழுவில் எந்த வீட்டுப் பிரச்சினை வந்தாலும் அவர் முதலில் கேட்டது, "படுத்துகினு கீறவங்க இன்னா சொல்றாங்க?" என்பதுதான். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கூண்டு முடிந்து, மாற்றத்துக்கு அனுமதியும் வாங்கி, தை மாதத்தில் புறப்பட்டோம். நானும் போனேன். அண்ணன் தெற்கே தலைவைத்துப் படுத்து, ஜன்னல் வழியாக எல்லா ஊர்ப் பலகைகளையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். விழுப்புரம் பலகையைப் படிக்கவில்லை. அது தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புளியமரம் ஒன்றின் அடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "எல்லாரும் எறங்குங்க," என்றார். அக்கா வழக்கம்போல் அவர் தோளுக்குக் கீழே கையைக் கொடுக்கப் போனார். "நீயும்தான்," என்றார்.

இறங்கினோம். உள்ளே திரை இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா கதவை நோக்கி இரண்டு அடி வைத்து, நின்று, திரும்பி வந்து மரத்தடியில் நின்றார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டார். நல்ல வெயில். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"உள்ள இன்னா பண்றாருன்னு எனக்குத் தெரில மே," என்றார் மெதுவாக. பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "எத்தினி வருசம் ஆச்சு, இது எனக்குத் தெரியாம இருந்து."

அண்ணன் கூப்பிடும்வரை அந்த மரத்தடியிலேயே காத்திருந்தோம். அக்கா ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. எதையும் உள்ளே நுழைந்து, தொட்டு, கேட்டு, புரட்டிப் பார்க்காமல் விடாத ஒருவர், தெரிந்துகொள்ளாமல் நின்ற அந்த நிலைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.